வண்டி அப்பா பேரில், ஸ்டீயரிங் மகன் கையில்... ஓடையில் நின்ற ஜீப்பும் ஒரு பாலிசியும்!

"தண்ணியில வண்டி நின்னதுக்கு அப்புறம் மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா தம்பி?"

சர்வேயர் சாதாரணமாகத்தான் கேட்டார். கோவையில் ஒரு சர்வீஸ் சென்டர். லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது மஹிந்திரா தார் டீசல், ஃபோர் வீல் டிரைவ். வயது ஒன்றரை. கீழே நின்றிருந்த 26 வயது இளைஞரும் சாதாரணமாகவே பதில் சொன்னார். "ரெண்டு மூணு தடவை அடிச்சேன் சார். எடுக்கல."

சர்வேயர் அதைக் குறித்துக்கொண்டார். ஒரே ஒரு வரி. இன்ஜின் பில் லட்சத்தைத் தாண்டப் போகிறது, அது முழுக்கத் தன் தலையில்தான் விழப் போகிறது என்பது அந்த இளைஞருக்கு அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தனியார் தென்னந்தோப்பு. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு ஜீப்கள் சேர்ந்து ஆஃப்ரோடு டிரைவ். சேறு, மேடு, பாறை எல்லாம் ஏறி இறங்கி, கடைசியாகத் தோப்பின் ஓரம் ஓடும் ஓடையைக் கடக்க வேண்டும். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இந்த வண்டி போகும் என்று கம்பெனி சொல்கிறது. ஓடை அதைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. முந்தின ராத்திரி மழை பெய்து நடுவில் பள்ளம் பறித்திருந்ததை யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. முன்சக்கரம் பள்ளத்தில் விழ, பானெட் தண்ணீருக்குள் போக, இன்ஜின் நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த நண்பருக்கு தோள்பட்டை எலும்பில் விரிசல். ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் வீட்டில் முதல் ஒரு வாரம் வண்டியைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால், மேலே போகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்குகள் 'ஹைட்ரோ லாக்' என்பார்கள். சென்னையில் 2015 வெள்ளத்தில் கார் வைத்திருந்த பலருக்கு இந்த வார்த்தை பரிச்சயம். சாதாரண பாலிசி விபத்துச் சேதத்துக்குத்தான் பணம் தரும். இயந்திரக் கோளாறுக்கும், விபத்தின் தொடர்ச்சியாகப் பின்னால் வரும் நஷ்டத்துக்கும் தராது. ஓடையில் விழுந்தது விபத்து. நின்ற இன்ஜினை மூன்று தடவை அடித்தது விபத்து இல்லை என்பது கம்பெனிகளின் கணக்கு. இதற்காகவே 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒரு ஆட்-ஆன் இருக்கிறது.

அந்த ஆட்-ஆன் முதல் வருட பாலிசியில் இருந்தது. ஷோரூமில் சேர்த்தே போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது வருடம் மகன் மொபைலிலேயே புதுப்பித்தார். திரையில் டிக் போட்டிருந்த ஒவ்வொரு கட்டத்தையும் எடுக்க எடுக்க, கீழே தொகை குறைந்துகொண்டே வந்தது. இன்ஜின் புரொடெக்ட் போனது, ஜீரோ டெப் போனது. சில ஆயிரங்கள் மிச்சம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

வண்டி இன்ஷூரன்ஸில் விலையை மட்டும் பார்ப்பது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் அந்த விலை எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில், 1,000 முதல் 1,500 சிசி வரையிலான சொந்தக் கார்களுக்கு வருடம் 3,416 ரூபாய். 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். புது வண்டிக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால் பெரிய இன்ஜினுக்கு 24,596 ரூபாய். இதற்கு மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி.

1,462 சிசி உள்ள ஜிம்னி மலை ஏறும். அதற்கு 3,416. 2,184 சிசி தார் டீசல், நகரத்தை விட்டு ஒரு நாளும் வெளியே போகாமல் மாலுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய் வந்தாலும் 7,897. பட்டியலுக்கு சிசி மட்டும்தான் தெரியும். வண்டி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று பணம் கட்டும்போது யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகள் எல்லாம் க்ளெய்ம் கேட்கும்போதுதான் வரிசையாக வருகின்றன.

இந்த வீட்டுக்கும் வந்தன. கதவில் ஒட்டியிருந்த '7' என்ற ஸ்டிக்கரை சர்வேயர் போட்டோ எடுத்திருந்தார். இது ரேஸா? நேரம் குறித்தார்களா? பரிசு உண்டா? நுழைவுக் கட்டணம் வாங்கினார்களா? சொந்தக் கார் பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகப் பரிசோதனை, வாடகைக்கு ஓட்டுவது போன்ற சில உபயோகங்களுக்குக் காப்பீடு இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 'ஆஃப்ரோடு' என்ற வார்த்தை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மண்பாதையில் போனாலே பாலிசி செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நண்பர்கள் கூடிப் போகும் டிரைவுக்கும் போட்டிக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. அழைப்பு போஸ்டரில் 'சேலஞ்ச்' என்று ஒரு வார்த்தை, கதவில் ஒரு நம்பர் போதும், சந்தேகம் வந்துவிடும். தோப்புக்காரரிடம் கடிதம் வாங்கி, போட்டி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து முடிக்க மூன்று வாரம் ஆனது.

கடைசியில் க்ளெய்ம் வந்தது. வந்த விதம்தான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பம்ப் செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பில்லையும் வரிவரியாகப் படிப்பார். ஜீரோ டெப் இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். 20,000 ரூபாய் பம்பர் என்றால் 10,000. இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு; ஒன்று முதல் இரண்டு வயது வரை 10 சதவிகிதம். டயர் மட்டும் தனியாகக் கிழிந்தால் ஒன்றும் கிடையாது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. எல்லாம் கூட்டிய பிறகு, 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்பதால் கட்டாயப் பிடித்தம் 2,000.

அவருக்குச் சிரிப்பு வந்தது ஒரே ஒரு வரியில். விபத்தான இடத்திலிருந்து வண்டியை எடுத்துவர, கார் பாலிசியின் பொது வாசகப்படி அதிகபட்சம் 1,500 ரூபாய். ஓடையிலிருந்து வண்டியை இழுக்கவே இரண்டு டிராக்டர் தேவைப்பட்டது. அங்கிருந்து கோவைக்கு ரெக்கவரி வண்டி வாடகை தனி. "டிராக்டர்காரன் டீசலுக்குக்கூடக் காணாதே" என்றார். இதற்கு 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' ஆட்-ஆன் எடுக்கலாமே என்றால், பெயரிலேயே ரோடு இருக்கிறது. வண்டி போகும் சாலை ஓரம் நின்றால்தான் உதவி என்ற நிபந்தனை அதில் சாதாரணம். ஓடைக்கு நடுவே வரமாட்டார்கள்.

விளம்பரத்தில் வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. பாலிசி மட்டும் தார் ரோட்டை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே ஷோரூமில், ஒரே மேஜையில் வைத்துத்தான் விற்கிறார்கள்.

இதுவரை எல்லாம் பண விஷயம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அம்மா.

ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரம். அப்பாவும் மகனும் பில்லை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். "வண்டிக்கு இத்தனை வந்துச்சு, இத்தனை வரலேன்னு ஒரு மாசமாப் பேசறீங்க. ஏங்கண்ணு, உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குது?"

"அதெல்லாம் 15 லட்சம் இருக்குதும்மா" என்றார் மகன். பாலிசியில் அப்படி ஒரு வரி இருந்தது. அதற்குச் சில நூறு ரூபாய் பிரீமியமும் கட்டியிருந்தார்கள்.

அம்மா அதோடு விடவில்லை. திருப்பூரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கும் பெரியம்மா மகனுக்கு போன் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வரவழைத்தார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மாப்ள, வண்டி யார் பேருல இருக்குது?"

அப்பா பேரில். அதற்கும் ஒரு கதை உண்டு. பணிக்கொடைப் பணத்தில், கடன் இல்லாமல் வாங்கிய வண்டி. மகன் ஜாதகத்தில் வாகன ஸ்தானம் சரியில்லை, அப்பா பேரில் பதியுங்கள் என்று ஜோதிடர் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் இப்படிப் பதிவான வண்டிகள் எத்தனையோ!

"உங்ககிட்ட கார் லைசென்ஸ் இருக்குதுங்களா?"

அப்பாவிடம் டூவீலர் லைசென்ஸ் மட்டும்தான். வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டரில் போனவர்.

மாமா பாலிசியை மடித்து வைத்தார். "அப்புறம் இந்த 15 லட்சம் யாருக்குங்க?"

அந்த வரியின் முழுப் பெயர் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு'. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரேதான் பாலிசிதாரராக இருக்க வேண்டும். அவரிடம் அந்த வண்டிக்கான செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அந்தப் பணம். மகன் ஓட்டினால் மகனுக்கு இல்லை. லைசென்ஸ் இல்லாததால் அப்பாவுக்கும் இல்லை. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் யாருக்குமே பொருந்தாத ஒரு காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஓட்டுபவர் மகன், குடும்பத்தில் இப்போது சம்பாதிப்பவரும் அவர் ஒருவர்தான். தங்கை காலேஜ் இரண்டாம் வருடம்.

வேறு வழியில் கேட்க முடியாதா? அப்பா வண்டிதானே, மகன் மூன்றாம் நபர் என்று வாதாடலாமே? அந்த வழியும் குறுகல். அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் அந்த உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார், தன் விபத்துக்கு அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்பது 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரே வேறு வண்டி வந்து மோதி, தவறு அதன் பக்கம் இருந்தால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸைக் கேட்கலாம். ஓடையில் எதிரே யார் வருவார்கள்? ஆஃப்ரோடு விபத்துகளில் பெரும்பாலும் நாம், நம் வண்டி, ஒரு பாறை, அவ்வளவுதான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எல்லாருக்கும் காபியோடு வந்தார். அன்று முழுக்க மகன் வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரின் ஆஸ்பத்திரிச் செலவை அவருடைய ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இல்லாதவராக இருந்திருந்தால்? தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த காரில் ஓசியில் உட்கார்ந்து வரும் நண்பருக்கோ உறவினருக்கோ அந்தக் காரின் பாலிசி பொறுப்பேற்காது. முழு பேக்கேஜ் பாலிசி என்றால் பொறுப்பேற்கும். 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியிருக்கிறது. பழைய ஜீப் வாங்கி, விலை குறைவு என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு, பின்னால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துவிட்டு சாவியைத் திருப்பலாம்.

மெடிக்ளெய்ம் பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு, ஆஃப்ரோடு என்று சொன்னாலே ஆஸ்பத்திரி பில்லை மறுத்துவிடுவார்கள் என்று. ஹெல்த் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் சாகச விளையாட்டு விலக்கில், மோட்டார் ரேஸ் உட்பட அபாயகரமான விளையாட்டுகளில் 'தொழில்முறையாக' ஈடுபடுகிறவர்களின் சிகிச்சைக்குத்தான் இல்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் புரளுகிற ஐ.டி. ஊழியர் தொழில்முறை வீரர் இல்லை. ஆனால் தனிநபர் விபத்து பாலிசிகளின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

சொந்த ஜீப் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மூணாறு போனவர்களில் பாதிப் பேராவது கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருப்பார்கள். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. விடியற்காலை இருட்டில், குலுங்கிக் குலுங்கி, பாறைகளின் மேல் ஏறும் பாதை. அங்கேயாகட்டும், ஊட்டியிலாகட்டும், ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி, வாடகைப் பயணிகளுக்கான பாலிசி எடுக்கப்பட்டிருக்க வேண்டிய வண்டி. வெள்ளை போர்டு ஜீப்பில் காசு கொடுத்து ஏறினால், 'வாடகைக்கு ஓட்டினால் இல்லை' என்ற அந்த விலக்கு உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. அப்புறம் ரிசார்ட்களில் குழந்தைகள் ஆசைப்படும் ஏடிவி, அந்த நாலு சக்கரக் குட்டி வண்டி. பல இடங்களில் அவற்றுக்கு நம்பர் பிளேட்டே இருக்காது. பதிவில்லாத வண்டிக்கு ரோட்டில் ஓடும் கார் போல மோட்டார் பாலிசி இருக்கும் என்று நினைக்க முடியாது. ரிசார்ட் தன் பெயரில் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறுவதற்கு முன் 'எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்குகிற ஆளிடமே அதைக் கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பில்லை.

இந்த வீட்டுக் கதையில் இன்னொரு விஷயம் பாக்கி. ஸ்னார்கெல், வின்ச், கூடுதல் எல்ஈடி விளக்கு என்று மகன் வண்டியில் அலங்காரம் செய்திருந்தார். எதையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவில்லை. வண்டியோடு வராத எந்தப் பாகத்தையும் அதன் மதிப்போடு பாலிசியில் சேர்த்தால்தான் அதற்குப் பணம் வரும். பாலிசிக்கு முன்னால் சட்டமே குறுக்கே நிற்கும் சில சங்கதிகளும் உண்டு. முன்பக்க புல் பாரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்றுவிட்டது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. க்ளெய்ம் நேரத்தில் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது இவைதான். நல்லவேளையாக வின்ச்சுக்கு அடி இல்லை, அதனால் பேச்சும் எழவில்லை.

இன்ஜின் பணத்துக்காக இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போகலாமா என்று அப்பா கேட்டார். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம், செலவில்லை, வக்கீல் தேவையில்லை என்றார் மாமா. "ஆனா மாப்ள, ஸ்டிக்கரைக் காட்டி மொத்தத்தையும் மறுத்திருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன். எடுக்காத ஆட்-ஆனுக்கு அங்க போயும் என்ன கேக்கறது?"

அதற்குப் பதில் அவர் வேறொன்று சொன்னார். வண்டியை மகன் பேருக்கு மாற்றிவிடலாம். சாதாரணமாக இதில் ஒரு நஷ்டம் உண்டு. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். முதல் வருடத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவிகிதம் வரை போகும் அந்தச் சலுகை, அப்பா உயிரோடு இருந்து பேர் மாற்றிக் கொடுத்தால் மகனுக்குப் போகாது. "க்ளெய்ம் வாங்குனதுல உங்க போனஸ்தான் பூஜ்யமாப் போச்சே. இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்பவே மாத்தீருங்க."

ஜோதிடர் விஷயத்தை அப்பா மெதுவாக எடுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

படிவம் 29, 30 நிரப்பி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தார்கள். பேர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு புது உரிமையாளருக்கு வராமல் போகும். அதையும் முடித்தார்கள். புதுப்பிக்கும் நாள் வந்தபோது இந்தத் தடவை மகன் மொபைலில் டிக் எடுக்க, அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இன்ஜின் புரொடெக்ட், ஜீரோ டெப் இரண்டும் இருந்தன. 15 லட்சத்துக்கு நேரே இப்போது மகன் பெயர். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்தார்கள். போன வருடத்தைவிடப் பல ஆயிரம் கூடுதல். யாரும் கட்டத்தைத் தொடவில்லை.

"மறுபடி ஓடைக்குப் போவியா?" என்றார் அம்மா.

"போவேம்மா. இறங்கி ஆழம் பாத்துட்டு."

"நின்னு போச்சுன்னா?"

"சாவியைத் தொடமாட்டேன். டிராக்டருக்குச் சொல்லிருவேன்."

"டிராக்டருக்கு 1,500 தான் குடுப்பாங்க" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.